நம் எம்.பி. எப்படி வாக்களித்தார், யார் பணம் கொடுத்தார்: தமிழ்நாட்டு வாக்காளருக்கு எவ்வளவு தெரியும்?

அமெரிக்காவில் இருக்கும் உறவினர் ஒருவர், தன் மாநில செனட்டர் எந்த மசோதாவில் எப்படி வாக்களித்தார், அவருடைய தேர்தலுக்கு யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதையெல்லாம் ஐந்து நிமிடத்தில் எடுத்துக் காட்டினாராம். நம் தொகுதி எம்.பி.க்கோ எம்.எல்.ஏ.வுக்கோ அப்படி ஒரு பக்கம் உண்டா, இல்லையென்றால் எங்கே தேடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அப்படி ஒரே பக்கம் கிடையாது. தகவல் துண்டு துண்டாக நாலைந்து இடங்களில் கிடக்கிறது. ஆனால் அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. அங்கே வாக்கும் நன்கொடையும் ஆளின் பெயரில் பதிவாகின்றன. 200 டாலருக்கு மேல் கொடுத்தவரின் பெயரும் வேலையும்கூட வெளியிடப்படும். இங்கே வாக்கும் கட்சியுடையது, பணமும் பெரும்பாலும் கட்சியுடையது. ஆளைத் தேடிப் போனால் கட்சிதான் எதிரே வந்து நிற்கும். ஆள் தனியாகத் தெரியும் இடங்கள் மிகச் சில. அவற்றைத் தெரிந்துகொண்டு தேடினால் நிறையவே கிடைக்கும்.

முதலில் வாக்கு. நாடாளுமன்றத்தில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில்தான் நிறைவேறுகின்றன. "ஆம்" என்ற சத்தம் அதிகமா, "இல்லை" என்ற சத்தம் அதிகமா என்று சபாநாயகர் காதால் கேட்டு முடிவு சொல்லிவிடுவார். யார் எந்தப் பக்கம் என்று எங்கும் எழுதப்படாது. உறுப்பினர் யாராவது அந்த முடிவை ஏற்காமல் "டிவிஷன்" கேட்டால்தான் பொத்தானை அழுத்தும் வாக்கெடுப்பு நடக்கும். அப்போதுதான் பெயர்ப் பட்டியல் அவைக் குறிப்பில் ஏறும்.

கேட்டாலும் கிடைக்காமல் போவதுண்டு. 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள் வந்தபோது எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டன. மசோதாவை ஆராயும் தேர்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று தீர்மானம் கொடுத்தவர்களில் திமுகவின் திருச்சி சிவாவும் ஒருவர். அவையில் அமளி, உறுப்பினர்கள் இருக்கையில் இல்லை என்று காரணம் சொல்லி, துணைத் தலைவர் ஹரிவன்ஷ் குரல் வாக்கிலேயே முடித்துவிட்டார். மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். நாட்டையே ஓராண்டுக்கு மேல் உலுக்கி, 2021 நவம்பரில் திரும்பப் பெறப்பட்ட சட்டங்கள் அவை. மாநிலங்களவையில் அவற்றுக்கு யார் ஆதரவு, யார் எதிர்ப்பு என்று பெயர் பெயராகச் சொல்லும் பட்டியல் கிடையாது. அமளி காரணமா, எண்ணிக்கை பற்றிய பயம் காரணமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. எனக்கு அதில் ஒரு கருத்து உண்டு: ஒரே ஓர் உறுப்பினர் கேட்டாலும் பதிவு வாக்கெடுப்பு நடத்தியே ஆக வேண்டும் என்று விதி திட்டவட்டமாக இருந்திருந்தால் அன்று அந்தச் சண்டைக்கே இடம் இருந்திருக்காது.

அரசியல் சட்டத் திருத்தம் என்றால் கதை வேறு. அதற்கு மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும் என்பதால் எண்ணியே ஆக வேண்டும். 2023 செப்டம்பரில் மகளிர் இடஒதுக்கீட்டுக்கான திருத்தம் மக்களவையில் 454-க்கு 2 என்று நிறைவேறியது. எதிர்த்த அந்த இருவர் யார் என்பது நாட்டுக்கே தெரியும். ஆகவே உங்கள் எம்.பி.யின் வாக்குப் பதிவைத் தேடுவதென்றால் திருத்த மசோதாக்களில் தொடங்குங்கள். நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்தில் அந்தந்த நாளின் விவாதப் பதிவை எடுத்தால், டிவிஷன் நடந்த இடத்தில் ஆதரித்தோர், எதிர்த்தோர் பெயர்கள் இருக்கும்.

அந்தப் பட்டியலைப் படிக்கும்போது கட்சித் தாவல் தடைச் சட்டத்தை மறந்துவிடக் கூடாது. 1985-இல் 52-ஆவது திருத்தமாக வந்து பத்தாவது அட்டவணையாக உட்கார்ந்திருக்கும் அந்தச் சட்டப்படி, எப்படி வாக்களிப்பது என்று தன் கட்சி உறுப்பினர்களுக்குச் சொல்லும் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தாலோ, வாக்களிக்காமல் ஒதுங்கினாலோ பதவி போகலாம்; கட்சி 15 நாளுக்குள் மன்னித்துவிட்டால் தப்பிக்கலாம். ஆட்சி கவிழும் வாக்கெடுப்புக்கு மட்டும் என்றில்லாமல் எந்த மசோதாவுக்கும் கொறடா உத்தரவு போட முடியும். 1992-இல் இந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட உச்ச நீதிமன்றமே, நம்பிக்கை வாக்கெடுப்புக்கும் கட்சியின் அடிப்படைக் கொள்கைகளுக்கும் அதை நிறுத்திக்கொள்வது நல்லது என்று சொல்லியிருந்தது. கட்சிகள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எனவே ஒரு எம்.பி. ஒரு மசோதாவை ஆதரித்தார் என்று பட்டியல் சொன்னால், அவர் கட்சி ஆதரித்தது என்பது மட்டும்தான் நமக்குத் தெரியும். குடியுரிமைத் திருத்தச் சட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2019 டிசம்பர் 11 அன்று மாநிலங்களவையில் 125-க்கு 105. வித்தியாசம் வெறும் 20. அதிமுகவும் பாமகவும் எதிர்த்து வாக்களித்திருந்தால் மசோதா தோற்றிருக்கும் என்பதைத் திமுக அடுத்தடுத்த தேர்தல் மேடைகளில் சொன்னது. அந்த மேடைகளில் எந்த உறுப்பினரின் பெயராவது கேட்டிருக்கிறீர்களா? கட்சிப் பெயர் மட்டும்தான் கேட்டது. சட்டம் இருக்கும் நிலையில் அது நியாயமும்கூட.

இன்னொரு நெளிவு, சின்னம். 2019-இல் விழுப்புரத்தில் விசிக, ஈரோட்டில் மதிமுக, நாமக்கல்லில் கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி, பெரம்பலூரில் இந்திய ஜனநாயகக் கட்சி ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் உதயசூரியன் சின்னத்தில் நின்று ஜெயித்தார்கள். நமக்கு அவர்கள் கூட்டணிக் கட்சி எம்.பி.க்கள். மக்களவைப் பதிவேட்டில் அவர்கள் திமுக உறுப்பினர்கள். கொறடாவும் திமுக கொறடாதான். இது தெரியாமல் "இந்தக் கட்சிக்காரர் ஏன் அப்படி வாக்களித்தார்" என்று அவரைப் போட்டு வறுத்துப் பயனில்லை. கட்சியிலிருந்து நீக்கப்பட்டவருக்கும் விடுதலை கிடையாது. ஜெயித்த கட்சியின் உறுப்பினராகவே அவர் கருதப்படுவார் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுவும் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்திலிருந்து போன வழக்குதான்.

அப்படியானால் ஆள் எங்கேதான் தெரிவார்? வெளிநடப்பில், வராமல் இருப்பதில், பேச்சில். 2019 ஜூலையில் முத்தலாக் மசோதா வந்தபோது நடந்ததைப் பாருங்கள். அப்போது மக்களவையில் அதிமுகவுக்கு இருந்த ஒரே உறுப்பினர் தேனியில் ஜெயித்த ஓ.ப. ரவீந்திரநாத். அவர் மசோதாவை ஆதரித்துப் பேசினார். சில நாளில் அதே மசோதா மாநிலங்களவைக்குப் போனபோது அதிமுக உறுப்பினர்கள் அதை விமர்சித்துப் பேசிவிட்டு வெளிநடப்பு செய்தார்கள். முடிவு 99-க்கு 84. வெளிநடப்பு என்பது பார்க்க எதிர்ப்பு மாதிரி இருக்கும். எண்ணிக்கையில் அது ஆளும் தரப்புக்குத் தேவையான பெரும்பான்மையைக் குறைத்துக் கொடுக்கும். பதிவில் "எதிர்த்து வாக்களித்தார்" என்றும் வராது, "ஆதரித்தார்" என்றும் வராது. நம்மூர்க் கட்சிகள் டெல்லியில் அதிகம் பயன்படுத்தும் ஆயுதம் இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு எம்.பி.யின் பெயர் பட்டியலில் இல்லாத நாட்களையும் குறித்துக்கொள்ளச் சொல்வது அதனால்தான்.

சட்டமன்றம் என்றால் இன்னும் மங்கல். அங்கே டிவிஷன் என்பதே அபூர்வம். சமீப காலத்தில் எல்லோர் நினைவிலும் இருப்பது 2017 பிப்ரவரி 18. எடப்பாடி பழனிசாமி கேட்ட நம்பிக்கை வாக்கெடுப்பு. ரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்று திமுக கேட்டு, சட்டை கிழிந்து, திமுக உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டு, காங்கிரஸ் வெளிநடப்பு செய்து, கடைசியில் 122-க்கு 11. எதிர்த்து வாக்களித்த 11 பேரும் ஓ. பன்னீர்செல்வமும் அவர் அணியினரும்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அதே ஆண்டு ஆகஸ்டில் டி.டி.வி. தினகரன் பக்கம் நின்ற உறுப்பினர்கள், முதல்வர் மேல் நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். அவையில் எந்த வாக்கும் போடவில்லை. அவர்களில் 18 பேரைப் பேரவைத் தலைவர் தனபால் செப்டம்பர் 18 அன்று தகுதி நீக்கம் செய்தார். உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் மாறுபட்டு, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் தகுதி நீக்கத்தை உறுதி செய்தார். அவையிலேயே அரசுக்கு எதிராக வாக்களித்த 11 பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. அணிகள் இணைந்து, பன்னீர்செல்வம் துணை முதல்வரும் ஆனார். அவர்களைத் தகுதி நீக்கக் கோரிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2020-இல் பேரவைத் தலைவரே முடிவெடுக்கட்டும் என்று திரும்பி வந்தது. வாக்கைவிட, அந்த வாக்கை யார் எப்போது விசாரிக்கிறார் என்பதுதான் ஒரு எம்.எல்.ஏ.வின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. விசாரிப்பவரோ ஆளுங்கட்சியிலிருந்து வந்த பேரவைத் தலைவர்.

கேள்விகள், வருகை, விவாதங்கள் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2005-இல் தொடங்கிய பி.ஆர்.எஸ். என்ற அமைப்பு ஒவ்வொரு எம்.பி.க்கும் வருகைச் சதவீதம், கேட்ட கேள்விகள், கலந்துகொண்ட விவாதங்கள், கொண்டுவந்த தனிநபர் மசோதாக்கள் (அமைச்சரல்லாத உறுப்பினர் தானே கொண்டுவருபவை) ஆகியவற்றைத் தொகுத்து வைத்திருக்கிறது. பார்க்கும்போது ஒன்று கவனம்: அமைச்சர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட மாட்டார்கள், கேள்வியும் கேட்க மாட்டார்கள். அமைச்சரான எம்.பி.க்குச் சுழியம் என்று வந்தால் சோம்பேறி என்று பொருளில்லை. கேள்வி எண்ணிக்கையை வைத்து மட்டும் யாரையும் மெச்சவும் வேண்டாம். ஒரே கேள்வியைப் பத்து எம்.பி.க்கள் பெயரில் உதவியாளர்கள் தட்டி அனுப்புவது டெல்லியில் சகஜம். கேள்விகள் எந்தத் துறையைச் சுற்றி வருகின்றன என்று பாருங்கள். அது ஆளைக் காட்டும். 2005 டிசம்பரில், கேள்வி கேட்கப் பணம் வாங்கியதாகக் கேமராவில் சிக்கிய 11 எம்.பி.க்கள் பதவி நீக்கப்பட்டார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால் இன்னும் நல்லது.

தனிநபர் மசோதாக்களை யாரும் பொருட்படுத்துவதில்லை. எனக்கு அவை பிடிக்கும். கொறடா கை வைக்காத இடம் அது. மூன்றாம் பாலினத்தவர் உரிமைகளுக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது. பல பத்தாண்டுகளில் ஓர் அவையில் நிறைவேறிய முதல் தனிநபர் மசோதா அதுதான். அது அப்படியே சட்டமாகவில்லை. ஆனால் ஒரு உறுப்பினர் தன் சொந்த விருப்பத்தால் என்ன செய்தார் என்று கேட்டால் காட்ட ஒன்று இருக்கிறது.

வாக்கும் பணமும் நேரடியாக முட்டிக்கொண்ட கதையையும் சொல்ல வேண்டும். 1993 ஜூலையில் நரசிம்ம ராவ் அரசு மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானம் 265-க்கு 251 என்று தோற்றது. ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா எம்.பி.க்கள் பணம் வாங்கிக்கொண்டு அரசைக் காப்பாற்றினார்கள் என்று வழக்கு. 1998-இல் உச்ச நீதிமன்றம் 3-க்கு 2 என்று தீர்ப்புச் சொன்னது: அவையில் போட்ட வாக்குக்காக எம்.பி. மீது வழக்குத் தொடர முடியாது, ஆகவே லஞ்சம் வாங்கி வாக்களித்தவருக்கும் பாதுகாப்பு உண்டு. வாங்கிவிட்டு வாக்களிக்காமல் போனவருக்குத்தான் பாதுகாப்பு கிடையாதாம்! சொன்ன சொல்லைக் காப்பாற்றிய லஞ்சத்துக்கு மரியாதை, காப்பாற்றாத லஞ்சத்துக்கு வழக்கு. கால் நூற்றாண்டு கழித்து, 2024 மார்ச் 4 அன்று ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தத் தீர்ப்பைத் தூக்கிப் போட்டது.

இனி தேர்தல் பணம். வேட்பாளர் காட்டும் கணக்கு, கட்சி காட்டும் கணக்கு என்று இரண்டு இருக்கின்றன. முதலாவதற்கு வரம்பு உண்டு, இரண்டாவதற்கு இல்லை. இந்த ஒரு வரி புரிந்தால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

2022 ஜனவரியில் உயர்த்திய வரம்பின்படி, தமிழ்நாடு போன்ற பெரிய மாநிலத்தில் மக்களவை வேட்பாளர் 95 லட்சம் ரூபாய், சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சம் ரூபாய் செலவு செய்யலாம். தனி வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும். முடிவு வந்த 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் கணக்கைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மூன்று ஆண்டு போட்டியிட முடியாமல் போகலாம். அந்தக் கணக்கில் பணம் எங்கிருந்து வந்தது என்ற பகுதியும் இருக்கிறது: சொந்தப் பணம் எவ்வளவு, கட்சி கொடுத்தது எவ்வளவு, மற்றவர்களிடம் நன்கொடையோ கடனோ வாங்கியது எவ்வளவு. "யார் கொடுத்தார்" என்ற உங்கள் கேள்விக்கு வேட்பாளர் பெயரில் பதில் சொல்லும் ஒரே காகிதம் இது. எத்தனை பேர் இதை எடுத்துப் பார்க்கிறோம்?

கட்சிச் செலவுக்கு வரம்பு இல்லாமல் போனதற்கு ஒரு பழைய கதை உண்டு. ஒரு வேட்பாளருக்காகக் கட்சி செய்த செலவையும் அவர் கணக்கில்தான் சேர்க்க வேண்டும் என்று 1974-இல் உச்ச நீதிமன்றம் ஒரு டெல்லி வழக்கில் தீர்ப்பளித்தது. அப்படிச் சேர்த்தால் ஜெயித்தவர்களில் பலர் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும். சில நாட்களிலேயே சட்டத்தைத் திருத்தி, கட்சி செய்யும் செலவு வேட்பாளர் செலவாகாது என்று விளக்கம் எழுதிவிட்டார்கள். 2003-இல் அதைக் கொஞ்சம் இறுக்கினார்கள்; இருந்தாலும் நட்சத்திரப் பேச்சாளர்களின் பயணச் செலவும், வேட்பாளர் பெயரைச் சொல்லாத பொதுப் பிரச்சாரமும் இன்னும் வெளியேதான். தலைவர் கூட்டத்தில் வேட்பாளர் மேடையேறினாலோ, அவர் பெயரும் படமும் பேனரில் இருந்தாலோ கூட்டச் செலவில் பங்கு அவர் கணக்கில் ஏறும். சில கூட்டங்களில் வேட்பாளர்கள் மேடைப் பக்கமே வராமல் கீழே நிற்பதைப் பார்த்துப் பணிவு என்று நினைத்திருப்பீர்கள். கணக்கு அது.

கணக்கில் வராத செலவு பற்றித் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நான் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. வாக்குக்குப் பணம் கொடுப்பதற்கு, 2009 இடைத்தேர்தலுக்குப் பிறகு "திருமங்கலம் ஃபார்முலா" என்ற சொல்லே நம் அரசியல் அகராதியில் ஏறிவிட்டது. 2016-இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் பணப் பட்டுவாடா காரணமாகச் சட்டமன்றத் தேர்தலைத் தள்ளிவைத்து, பிறகு ரத்தே செய்தார்கள். 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் ரத்து. சுமார் 89 கோடி ரூபாய்ப் பட்டுவாடா பற்றிய காகிதங்கள் வருமான வரிச் சோதனையில் கிடைத்ததாகச் சொன்னார்கள். 2019-இல் வேலூர் மக்களவைத் தேர்தல் வாக்குப் பதிவுக்கு இரண்டு நாள் முன்பு ரத்தானது. இந்தப் பின்னணியில், வரம்புக்கும் கீழே செலவு காட்டி வேட்பாளர் கொடுக்கும் கணக்கை எவ்வளவு நம்புவது என்பது உங்கள் விருப்பம். ஆனால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். கட்சி தந்தது எவ்வளவு, சொந்தக் காசு எவ்வளவு என்ற விகிதம் அதில் ஓரளவு உண்மையாகவே இருக்கும்.

கட்சிக் கணக்கில்தான் பெரிய மீன்கள். 20,000 ரூபாய்க்கு மேல் நன்கொடை கொடுத்தவர்களின் பட்டியலைக் கட்சிகள் ஆண்டுதோறும் தேர்தல் ஆணையத்திடம் தர வேண்டும். இதிலிருந்து தப்பிக்க வழி செய்து கொடுத்தது, வங்கியில் வாங்கிப் பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்குத் தரும்படி 2018-இல் வந்த தேர்தல் பத்திரம். 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று சொல்லி, பாரத ஸ்டேட் வங்கியிடமிருந்து விவரங்களை வெளியே இழுத்தது. 2019 ஏப்ரலுக்குப் பிந்தைய கணக்கில் பாஜகவுக்கு மட்டும் 6,000 கோடி ரூபாய்க்கு மேல். அதிகப் பத்திரம் வாங்கிய நிறுவனம் கோவையோடு தொடர்புடைய லாட்டரி நிறுவனமான ஃபியூச்சர் கேமிங். மொத்தம் 1,368 கோடி ரூபாய். திமுகவுக்குப் பத்திரம் வழியே வந்த சுமார் 656 கோடி ரூபாயில் 509 கோடி அந்த ஒரு நிறுவனத்திடமிருந்து. தமிழ்நாட்டில் லாட்டரி 2003-இலிருந்து தடை. அதிமுகவுக்கு வந்தது சுமார் 6 கோடிதான். யார் கொடுத்தார்கள் என்ற விவரத்தைத் திமுகவும் அதிமுகவும் தாங்களாகவே ஆணையத்திடம் சொல்லியிருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பல பெரிய கட்சிகள் அதைச் செய்யவில்லை.

இதில் உங்கள் எம்.பி. எங்கே என்று கேட்பீர்கள். கட்சித் தேர்தல் செலவு அறிக்கையில் தேடுங்கள். தேர்தல் முடிந்தபின் ஒவ்வொரு அங்கீகரிக்கப்பட்ட கட்சியும் இதைத் தனியாகக் கொடுக்கும். வேட்பாளருக்குக் கட்சி எவ்வளவு அனுப்பியது என்பது அதில் பெயர்வாரியாக வரும். 2019 தேர்தலுக்காகத் திமுக கொடுத்த அறிக்கையில்தான் கூட்டணிக் கட்சிகளுக்குத் தந்த 40 கோடி ரூபாய் வெளியே தெரிந்தது: இந்திய கம்யூனிஸ்ட் கட்சிக்கு 15 கோடி, மார்க்சிஸ்ட் கட்சிக்கு 10 கோடி, கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சிக்கு 15 கோடி. வங்கி வழியாகத்தான் வாங்கினோம், கணக்கிலும் காட்டியிருக்கிறோம் என்று கம்யூனிஸ்ட் கட்சிகள் சொன்னது உண்மை. சட்ட மீறலும் இல்லை. ஆனால் கூட்டணியில் யார் யாரை நம்பி இருக்கிறார்கள் என்பதற்கு அந்த அறிக்கை நூறு பேட்டிகளுக்குச் சமம்.

இப்போது ஆள் முழுசாகத் தெரியும் இடத்துக்கு வருகிறேன்: வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரம். 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியதால் கிடைத்தது இது. கட்சிகள் ஒன்றுகூடிச் சட்டம் போட்டு நீர்த்துப்போகச் செய்யப் பார்த்தன. 2003 மார்ச்சில் நீதிமன்றம் அதையும் அடித்துவிட்டது. குற்ற வழக்குகள், அசையும் அசையா சொத்து, கடன், அரசுக்குப் பாக்கி, கல்வி, தனக்கும் மனைவி அல்லது கணவருக்கும் கடந்த ஐந்து ஆண்டு வருமானம் என எல்லாம் அதில் வரும். 2018 தீர்ப்புக்குப் பிறகு வருமானம் எந்த வழியில் வந்தது என்பதும் சேர்ந்தது. தேர்தல் ஆணைய இணையதளத்தில் கிடைக்கும். பழையவற்றை ஒப்பிட்டுப் பார்க்க மைநேதா தளம் வசதி.

ஒரே ஒரு பத்திரத்தைப் படித்தால் அதிகம் தெரியாது. ஒரே ஆள் இரண்டு மூன்று தேர்தல்களில் கொடுத்த பிரமாணப் பத்திரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்றில் இருந்த நிலம் அடுத்ததில் எங்கே? விற்றாரா, மகன் பெயருக்கு மாறிவிட்டதா? வருமான வரிக் கணக்கில் ஆண்டுக்கு ஐந்து லட்சம் காட்டியவர் ஐந்து ஆண்டில் மூன்று கோடிக்கு வீடு வாங்கியது எப்படி? நிலத்தின் சந்தை மதிப்பு ஏறியதால் மட்டும் சொத்து பெருகியதாகத் தெரியலாம். அதனால் மொத்தத் தொகையை விட்டுவிட்டு, புதிதாக வாங்கியது என்ன, வாங்கிய தேதி என்ன என்று பாருங்கள். "சொத்து பத்து மடங்கு" என்று செய்தித் தலைப்புகள் அலறுவதில் பாதி, சந்தை மதிப்பு விளையாட்டு. திருமணமான மகன், மருமகள், சகோதரர் சொத்து இதில் வராது என்பதுதான் பெரிய ஓட்டை.

பொய் சொன்னால்? சட்டப்படி ஆறு மாதம் வரை சிறை. ஆனால் தண்டனை கிடைப்பது அரிது, கிடைத்தாலும் காலம் கடந்து கிடைக்கும். மேலே சொன்ன தேனி வெற்றியையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரமாணப் பத்திரத்தில் சொத்து விவரங்களை மறைத்ததாகத் தொகுதி வாக்காளர் ஒருவர் போட்ட வழக்கில், ரவீந்திரநாத் ஜெயித்தது செல்லாது என்று 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் நான்கு ஆண்டு ஓடிவிட்டது. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் ஆகஸ்டில் அதை நிறுத்திவைத்தது. அவர் பதவிக் காலத்தை முடித்தார். வழக்குப் போட்டவர் ஒரு சாதாரண வாக்காளர் என்பதைக் கவனியுங்கள். பத்திரத்தை எடுத்து வரிவரியாகப் படிக்க அவருக்கு இருந்த உரிமை உங்களுக்கும் இருக்கிறது.

மாநிலங்களவை உறுப்பினர் என்றால் கூடுதலாக ஒன்று உண்டு. எந்த நிறுவனத்தில் இயக்குநர், எங்கே ஆலோசகர், எந்த நிறுவனத்தில் பெரும்பான்மைப் பங்கு என்பதையெல்லாம் அந்த அவை ஒரு நலன் பதிவேட்டில் எழுதச் சொல்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். மக்களவைக்கு அப்படி ஒரு பதிவேடு இல்லை. ஏன் இல்லை என்று எந்தக் கட்சியும் குரல் எழுப்பிக் கேட்டதாக என் காதில் விழவில்லை.

எங்கே தொடங்குவது என்றால், பிரமாணப் பத்திரங்களில் தொடங்குங்கள்; அவை வீட்டிலிருந்தே கிடைக்கும். அப்புறம் பி.ஆர்.எஸ். பக்கத்தில் அவர் பேசிய விவாதங்களைத் தேதியோடு குறித்துக்கொண்டு, அதே நாட்களில் டிவிஷன் நடந்ததா, அவர் பெயர் எந்தப் பக்கம் இருந்தது, இல்லாமலே போனதா என்று அவைக் குறிப்பில் பாருங்கள். கடைசியாக வேட்பாளர் செலவுக் கணக்கு. அதன் நகல்களைத் தேர்தல் ஆணையத்தின் மாநில இணையதளத்தில் ஏற்றுகிறார்கள். ஏற்றியது தெளிவாக இல்லையென்றால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் தேர்தல் பிரிவுக்கு நேரில் போங்கள். யார் வேண்டுமானாலும் அந்தக் கணக்கைப் பார்வையிடலாம், தனிக் கட்டணம் கட்டிச் சான்றிட்ட நகலும் வாங்கலாம் என்று 1961 தேர்தல் நடத்தை விதிகள் சொல்கின்றன. பார்வையிட அந்த விதியில் போட்டிருக்கும் கட்டணம் 1 ரூபாய். "அதெல்லாம் கொடுக்க மாட்டோம் சார்" என்று யாராவது சொன்னால் 88-ஆவது விதி என்று சொல்லுங்கள்.